அவனுக்கு ஒரு சொல், அவளுக்கு ஒரு சொல்

மார்ச் 3

அன்புள்ள தங்கச்சிக்கு,

அண்ணன் எழுதுவது. நானும் உன் அண்ணியும் உயிரோடு நடமாடுகிறோம். அதற்கு மேல் நலம் என்று எழுத இந்த மாதம் கை வரவில்லை. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசலாமே என்பாய். பேசினால் நான் கத்துவேன், நீ அழுவாய், விஷயம் நகராது. எழுதினால் ரெண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு யோசிக்கலாம்.

கிடங்கில் ஒரு விபத்து. மீன் தரம் பிரிக்கிற தராசைப் பற்றி முன்பே சொல்லியிருக்கிறேன். கையில் தூக்கிப் பார்த்தே எடை சொல்வாள், அதனால் அந்தப் பெயர். போன மாதம் அவள் ஃப்ரீசர் அறைக்குள் பெட்டி பார்க்கப் போயிருந்தாள். நம் தம்பி சின்னவன் வெளியே கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, சரக்கு பார்க்க வந்த ஓட்டல்காரரைச் சாப்பிட அழைத்துக்கொண்டு போய்விட்டான். உள்ளே மைனஸ் பதினெட்டு. அவள் கையில் மீன் கழுவிய ஈரக் கையுறை. சாயங்காலம் லாரிக்குச் சரக்கு ஏற்றத் திறந்தபோதுதான் பார்த்தோம். உயிர் பிழைத்தாள். வலது கையில் மூன்று விரலை எடுத்துவிட்டார்கள்.

எங்கள் இடத்தில் ஒரு வழக்கம் உண்டு. உள்ளே போகிறவர் தன் செருப்பைக் கதவோரம் கழற்றிவிட்டு ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொள்ள வேண்டும். கதவோரம் செருப்பு கிடந்தால் உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். கதவைச் சாத்துகிறவன் முதலில் தரையைப் பார்க்க வேண்டும். படித்தவன் படிக்காதவன் எல்லோருக்கும் புரிகிற போர்டு அதுதான்.

தொழிலாளர் அலுவலகத்துக்குச் சின்னவன் இங்கிலீஷில் ஒரு வாக்குமூலம் கொடுத்திருக்கிறான், என்னிடம் காட்டாமலே. நேற்று நகல் வந்தது. குமாஸ்தாவை வாசிக்கச் சொன்னேன். தராசு செருப்பை வெளியே விடவில்லையாம், அவள் 'கேர்லெஸ்'. இவன் கதவைச் சாத்தும்போது கொஞ்சம் 'ஆப்சென்ட் மைண்டட்' ஆக இருந்தானாம். அகராதியைப் புரட்டினேன். ரெண்டுக்கும் 'கவனக்குறைவான' என்றே போட்டிருக்கிறது. ஒரே சரக்கென்றால் ரெண்டு பெயர் எதற்கு? நீ கோர்ட்டில் மொழிபெயர்த்துச் சம்பாதிக்கிறவள். உள்ளதை உள்ளபடி எழுது.

உன் அண்ணன்


மார்ச் 15

அன்பும் மரியாதையும் உள்ள அண்ணாவுக்கு,

தங்கை வணக்கம். இங்கே எல்லோரும் நலம். அண்ணிக்கு முழங்கால் வலி குறைந்ததா? உங்களுக்குச் சர்க்கரை எவ்வளவு இருக்கிறது? கோபப்பட்டால் ஏறும் என்று டாக்டர் சொன்னாரே, அதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்ட சொற்கள். 'ஃபர்கெட்ஃபுல்' என்றால் மறதிக்காரர். மனதில் இருந்ததை நழுவவிடுகிறவர். வயதானால் எல்லோரும் அப்படித்தான், யாரும் கோபித்துக்கொள்வதில்லை. 'ஆப்சென்ட் மைண்டட்' என்றால் ஆள் இங்கே, மனசு வேறெங்கோ. உங்கள் மாப்பிள்ளை மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வீடு முழுக்கத் தேடுவாரே, அது. சொல்லும்போதே சிரிப்பு வரும். பெரிய படிப்பாளிகளையும் அப்படிச் சொல்வதுண்டு. 'கேர்லெஸ்' கொஞ்சம் கடுமை. செய்ய வேண்டியதைச் சரியாகச் செய்யாமல் விடுவது. அதில் பழி உண்டு. 'தாட்லெஸ்' என்றும் ஒன்று இருக்கிறது. அது இங்கே தேவைப்படாது, விடுகிறேன்.

அண்ணா, நடந்தது நடந்துவிட்டது. ரெண்டு பேரும் கொஞ்சம் அசந்திருக்கிறார்கள், அவ்வளவுதானே. சின்னவனுக்கு இங்கே வேலைக்கான விசா பேப்பர் ஆகஸ்டில் வந்துவிடும். இத்தனை வருஷம் அவன் உங்கள் கிடங்கில் குளிரில் நின்றது போதும். இதை இழுக்காதீர்கள்.

பிள்ளைகள் மாமாவைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்கள்.

என்றும் உங்கள் தங்கை


மார்ச் 27

தங்கச்சிக்கு,

உன் கடிதம் வந்தது. அண்ணி முழங்கால் அப்படியே இருக்கிறது. சர்க்கரை ஏறியிருக்கிறது.

நல்ல பாடம் நடத்தினாய். புரிந்தது என்னவென்றால், ஒரே பெட்டி மீனுக்கு ரெண்டு சீட்டு ஒட்டியிருக்கிறார்கள். அவன் பக்கம் சிரிக்கிற சீட்டு, அவள் பக்கம் பழிக்கிற சீட்டு. அப்புறம் 'தாட்லெஸ்' என்று ஒன்றை எடுத்துக் காட்டிவிட்டு, காட்டிய வேகத்தில் உள்ளே வைத்துவிட்டாய். கடைக்காரன் அப்படிச் செய்தால் நான் அதைத்தான் முதலில் கேட்பேன்.

தராசை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். கட்டுப் போட்ட கையைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"செருப்ப எங்கம்மா விட்டே?"

"எங்க விடுவாங்க? கதவோரம்தான்."

"வாக்குமூலத்துல வேற மாதிரி இருக்கு."

"வாக்குமூலமா வந்து என் செருப்ப மாட்டிக்கிட்டு நடந்துச்சு? போய்த் தேடுங்க முதலாளி. அறுந்த வாரைக் கம்பி போட்டுக் கட்டியிருக்கேன். அதை எவளும் திருடமாட்டா."

தேடினேன். ஆபீஸ் வராந்தாவில் ஷூ வைக்கிற அலமாரி, கீழ்த்தட்டு. சோடி சேர்த்து, குதிகால் வெளியே தெரிய, அழகாக வைத்திருந்தது. அந்தக் கிடங்கில் அப்படி அடுக்குகிற கை ஒன்றுதான். சின்னவனைக் கூப்பிட்டேன்.

"ஓட்டல்காரர் வர்றாருன்னு எல்லாத்தையும் கொஞ்சம் நீட்டா வெச்சேன் அண்ணா. கதவு முன்னாடி அழுக்குச் செருப்பு கிடந்துச்சு. எடுத்து அங்க வெச்சேன்."

"கதவு முன்னாடி செருப்பு கிடந்தா என்னடா அர்த்தம்?"

"தெரியும் அண்ணா."

"தெரியுமா?"

"தெரியும். ஆனா அன்னைக்கு அது எனக்கு வெறும் செருப்பாத்தான் தெரிஞ்சுது."

கையால் எடுத்திருக்கிறான், தங்கச்சி. குனிந்து எடுத்து, நடந்து போய் வைத்துவிட்டு, திரும்பி வந்து தாழ்ப்பாள் போட்டிருக்கிறான். மறந்தான் என்றால், உள்ளே ஒருத்தி இருக்கிறாள் என்பது ஒரு நொடியாவது மனசுக்குள் போயிருக்க வேண்டும், அப்புறம்தான் நழுவ வேண்டும். போகவே இல்லையே. கிடங்குக்குள் வராத சரக்கு எப்படித் தொலையும்?

நீ உள்ளே எடுத்து வைத்த சொல் இதுதானா? எழுது.

அண்ணன்


ஏப்ரல் 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். தாமதத்துக்கு மன்னிக்கவும். சின்னவளுக்குக் காய்ச்சல், அது போனதும் பெரியவனுக்கு. இப்போது தேவலை. உங்கள் சர்க்கரை ஏறியது கேட்டு மாப்பிள்ளையும் வருத்தப்பட்டார்.

ஆமாம், அதுதான் 'தாட்லெஸ்'. அடுத்தவர் என்று ஒருவர் இருப்பதே மனதில் படாமல் நடந்துகொள்வது. அதில் கெட்ட எண்ணம் கிடையாது, எண்ணமே கிடையாது. ஆனால் அண்ணா, கோர்ட்டில் அந்தச் சொல்லுக்கு எடை இல்லை. உதவி வாங்கிக்கொண்டு நன்றி சொல்லாமல் போகிறவரைச் சொல்கிற வீட்டுச் சொல் அது. சட்டத்தின் சொல் வேண்டுமென்றால் 'நெக்ளிஜென்ஸ்' இருக்கிறது. பார்க்க வேண்டிய பொறுப்பு உள்ளவர் பார்க்காமல் விடுவது. உள்ளேயிருந்து கதவைத் திறக்கிற கைப்பிடி பனி பிடித்து இறுகிக் கிடந்ததே, அதைப் பார்க்க வேண்டியது யார்? சொல் தேடுவதென்றால் எல்லோருக்கும் தேட வேண்டியிருக்கும்.

அம்மா போனபோது அவன் பால்குடி மறக்காத பிள்ளை. நீங்கள் ஐஸ் வண்டி தள்ளப் போய்விடுவீர்கள். இடுப்பில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனவள் நான். அவனுக்கு இந்த வழி ஒன்றுதான் திறந்திருக்கிறது. அதையும் அடைக்க வேண்டாம்.

அண்ணிக்கு ஒரு முழங்கால் பட்டி அனுப்புகிறேன்.

உங்கள் தங்கை


ஏப்ரல் 29

தங்கச்சிக்கு,

எல்லோரும் இருக்கிறோம்.

கைப்பிடியைக் கேட்டாய். பார்க்க வேண்டியவன் நான். பார்க்கவில்லை. விசாரணை அதிகாரி வந்த அன்றே அதற்கு நீ சொன்ன அதே சொல்லைத்தான் எழுதினார். குமாஸ்தாவிடம் அர்த்தம் கேட்டேன், கேட்டுவிட்டு அதன் கீழே கையெழுத்துப் போட்டேன். தண்டம் கட்டினேன். கைப்பிடியை மாற்றினேன். எனக்கு ஒரு மெத்தென்ற சொல் தேடிக் கொடு என்று உனக்கு நான் எழுதவில்லை.

இப்போது என் கேள்வி. கைப்பிடியைப் பற்றி என் ரெண்டு கடிதத்திலும் ஒரு வார்த்தை இல்லை. பனி பிடித்து இறுகியிருந்தது என்பது வரை உனக்குத் தெரிந்திருக்கிறது. எப்படி?

இன்னொன்று. அந்த வாக்குமூலத்தை ஒரு வக்கீலிடம் காட்டினேன். "யார் எழுதினதுங்க இது? நல்லாப் பழகின கை. ஒரு சொல்லைக்கூட நகர்த்த முடியாது," என்றார். சின்னவனுக்கு ரெண்டு நாள் லீவு கேட்டு இங்கிலீஷில் எழுத வராது. எனக்கும் வராது. நம் குடும்பத்தில் வருகிற ஆள் ஒன்றுதான்.

தராசுக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது. விதியை மீறியவள் என்று பதிந்துவிட்டார்கள். அதனால் அவளுக்கு ஈடு எதுவும் கிடையாது. இனி எந்த ஃப்ரீசர் கிடங்கிலும் அவளை வேலைக்கு எடுக்கவும் கூடாது. அவளுக்குத் தெரிந்த தொழில் இது ஒன்றுதான். ஜூலையில் மறு விசாரணை. அதில் இந்த வாக்குமூலம் நின்றுவிட்டால் அவள் கதை முடிந்தது. அவள் வீட்டில் சம்பாதிக்கிற வேறு கை கிடையாது.

எழுதிக் கொடுத்தது நீயா? ஆமாம், இல்லை, ரெண்டில் ஒன்றை எழுது. காய்ச்சலைப் பற்றி அப்புறம் எழுதலாம்.

அண்ணன்


ஜூன் 2

தங்கச்சிக்கு,

முழங்கால் பட்டி வந்து சேர்ந்தது. அளவு கச்சிதம். அண்ணியின் முழங்கால் சுற்றளவு உனக்கு நினைவிருக்கிறது. நான் கேட்ட கேள்வி மட்டும் நினைவில்லை.

இதற்கு உன் பெட்டியில் உள்ள எந்தச் சீட்டை ஒட்டுவது? மறதியா? உடம்பு அங்கே, மனசு வேறெங்கோவா? கடிதம் தபாலில் தொலைந்ததாக மட்டும் சொல்லாதே, பதிவுத் தபாலில் போட்டேன், நீ வாங்கிக் கையெழுத்துப் போட்ட அட்டை எனக்கு வந்துவிட்டது.

அண்ணன்


ஜூன் 14

அண்ணாவுக்கு,

நலம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

ஆமாம், நான்தான்.

அன்றைக்கே அவன் போன் செய்தான். அழுதான். செருப்பையும் சொன்னான், கைப்பிடியையும் சொன்னான், ஒன்றையும் மறைக்கவில்லை. "மறந்துட்டேன்னு எழுதிக் குடுத்துடவா அக்கா?" என்று கேட்டான். நான்தான் வேண்டாம் என்றேன். இருபது வருஷமாகக் கோர்ட்டில் நிற்கிறேன். எந்தச் சொல் எங்கே போய் விழும் என்று எனக்குத் தெரியும். மறந்தேன் என்றால், நினைவில் வைத்திருக்க வேண்டியவன் அவன் என்று ஆகிவிடும். செருப்பு வெளியே இல்லை என்றால்தான் அவன் கதவைச் சாத்தியது இயல்பாகும். செருப்பு வெளியே இல்லையென்றால் அது யாராவது ஒருவருடைய தப்பாக இருந்தாக வேண்டும். வாக்குமூலம் அப்படித்தான் நிற்கும், அண்ணா. நான் வேண்டுமென்று அந்த அம்மாவைத் தேடிப் பிடிக்கவில்லை. அவரை எனக்குத் தெரியாது. இவனைத் தெரியும்.

பதிவில் ஒரு கறை இருந்தாலும் அவன் பேப்பரைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நான் எழுதியது வெளியே வந்தால் என் வேலையும் போகும். விசாரணையில் நீங்கள் எதுவும் சொல்ல வேண்டாம். அந்த அம்மாவுக்கு நீங்களே வேறு ஏதாவது வேலை போட்டுக் கொடுத்துவிடலாம். உங்களால் முடியும். உங்கள் காலைப் பிடித்துக் கேட்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

தங்கை


ஜூன் 23

தங்கச்சிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கிடங்குக்குப் போனேன். யாரோ ஒரு டிரைவர் வண்டியைக் கோணலாக நிறுத்தியிருந்தான். அவனைத் திட்டிய திட்டில் பாதி உனக்குச் சேர வேண்டியது. மீதியை எழுதுகிறேன்.

அவன் யோசிக்கவில்லை. அதற்காக அவனை அறைந்தேன், அவனும் வாங்கிக்கொண்டான். நீ யோசித்தாய். உட்கார்ந்து, சொல் சொல்லாக எடை போட்டு, லேசானதை அவன் தோளிலும் கனமானதை அவள் தலையிலும் ஏற்றினாய். அதற்கு இங்கிலீஷில் என்ன பெயர் என்று உன்னைக் கேட்கமாட்டேன். எனக்குத் தெரிந்த பெயர்களை எழுதினால் இந்தக் கடிதத்தைத் தபால்காரன் தொடமாட்டான்.

அதற்கப்புறம் அதே வாயால் எனக்குப் பாடம் நடத்தினாய். மூக்குக்கண்ணாடிக் கதை சொன்னாய்.

'அவரைத் தெரியாது' என்கிறாய். உன் பதில்களை எல்லாம் எடுத்து வரிசையாக வைத்துப் பார்த்தேன். அண்ணியின் முழங்கால் இருக்கிறது. என் சர்க்கரை இருக்கிறது. மாப்பிள்ளையின் வருத்தம்கூட இருக்கிறது. நான் எழுதிய கடிதங்களில் அவள் இருக்கிறாள், அவள் பேச்சு இருக்கிறது, எடுத்த விரல் இருக்கிறது. கை எப்படி இருக்கிறது என்று நீ ஒரு வரி கேட்கவில்லை. யாரோ என்றே வைத்துக்கொள். யாரோ ஒருத்தியின் விரல் போனது என்று கேட்டாலும் மனுஷர் 'அச்சச்சோ' என்பார்கள்.

வேறு வேலை போட்டுக் கொடுக்கச் சொல்கிறாய். கொடுப்பேன், அதற்கு உன் சிபாரிசு வேண்டாம். அவளுக்குச் சேர வேண்டியதை அமுக்கிவிட்டு, என் கையால் பிச்சை போடச் சொல்லாதே. செய்யாத தப்பு அவள் பெயரில் ஏறியிருக்கிறது. அதை யார் எடுப்பது?

விசாரணை ஜூலை கடைசியில். நீயே அந்த அலுவலகத்துக்கு எழுதி, செருப்பு வெளியே இருந்தது என்று சொல். எப்படிச் சொல்வது என்பது உனக்குத் தெரிந்த வித்தைதானே. நீ எழுதாவிட்டால் நான் நேரில் சொல்வேன்.

அண்ணன்


ஜூலை 9

அண்ணா,

என்னால் முடியாது. நீங்கள் செய்வதைச் செய்யுங்கள்.


ஆகஸ்ட் 11

தங்கச்சிக்கு,

உன் கடைசிக் கடிதத்தில் யார் உடம்பையும் நீ விசாரிக்கவில்லை. நீ எழுதியதிலேயே உண்மையான கடிதம் அதுதான். அதனால் பதில் போடுகிறேன்.

விசாரணை அன்றைக்குக் காலையில் சின்னவனைக் காரில் ஏற்றினேன். நேரே அலுவலகத்துக்குப் போகவில்லை. தராசு வீட்டுக்குப் போய் அவளையும் ஏற்றிக்கொண்டேன். பின் சீட்டில் ரெண்டு பேரும். அவன் ஜன்னலைப் பார்த்தான், அவள் அவனைப் பார்த்தாள். பாதி வழியில் கேட்டாள்:

"ஏன் தம்பி, அந்த ஓட்டல்காரர் சரக்கு எடுத்தாரா?"

"இல்லக்கா."

"அதுவும் போச்சா," என்றாள்.

அதிகாரி வாக்குமூலத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். செருப்பு வெளியே இருந்ததா, இல்லையா? நான் வாயைத் திறப்பதற்குள் அவன் சொல்லிவிட்டான்.

"இருந்துச்சு சார். நான்தான் எடுத்து அலமாரில வெச்சேன்."

"எடுத்து வெச்சத மறந்துட்டீங்களா?"

"மறக்கல சார். உள்ள ஒரு ஆள் இருப்பாங்கன்னு எனக்குத் தோணவே இல்ல."

"அப்போ இந்த இங்கிலீஷ் யாரு எழுதினது?"

"நானேதான் சார்."

அதிகாரி அவனை ஏற இறங்கப் பார்த்தார். பார்த்துவிட்டு அப்படியே பதிந்துகொண்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக இன்னொருத்தரை நினைத்துப் பேசினான் நம் தம்பி, அதுவும் பொய். நான் மறுக்கவில்லை. அதை என் பெருந்தன்மை என்று எண்ணிவிடாதே. கேட்டது அவனை, என்னை அல்ல. என்னைக் கேட்டிருந்தால் உன் பெயரைச் சொல்லியிருப்பேன்.

தராசின் பெயரில் இருந்த குற்றத்தை நீக்கிவிட்டார்கள். நோட்டீஸ் ரத்து. அவளுக்குச் சேர வேண்டியது சேரும். சின்னவனின் பேப்பர் போன வாரம் திரும்பி வந்துவிட்டது. உனக்கும் தகவல் வந்திருக்கும். அவன் என்னோடு பேசுவதில்லை. சோற்றைப் போட்டால் சாப்பிடுகிறான், வேலைக்கு வருகிறான். உன்னோடு பேசுகிறானா என்று எனக்குத் தெரியாது.

உத்தரவுத் தாளை எடுத்துக்கொண்டு நானே அவள் வீட்டுக்குப் போனேன். இடது கையால் வாங்கினாள். வாசித்துக் காட்டச் சொன்னாள். காட்டினேன். எனக்கு நன்றி சொல்வாள் என்று நினைத்துப் போயிருந்தேன் போல, நாற்காலியில் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன்.

"அந்த இங்கிலீஷ் தம்பி எழுதினது இல்லதானே?" என்றாள்.

"யாரு சொன்னா?"

"அவரு மூஞ்சியே சொல்லிச்சு. யாரு முதலாளி?"

"என் தங்கச்சி. வெளிநாட்டுல இருக்கா."

"என்னை அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

அவள் தாளை மடித்தாள். ஒற்றைக் கையால் மடிக்க நேரமாயிற்று, உதவப் போனேன், வேண்டாம் என்று தள்ளினாள்.

"தெரியாமயேவா?" என்றாள்.

அந்தக் கேள்வி உனக்கானது. பதில் உன்னிடம் இருந்தால் அவளுக்கு எழுது. விலாசத்தைத் தனித் தாளில் வைத்திருக்கிறேன். தமிழில் எழுது. எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள், நீளமாக எழுதாதே.

அண்ணன்